பச்சையம்மா எடுத்த சீட்டு

"இந்த வயசுல என் வீட்டுக்காரருக்குக் கல்யாணமா?" பெரியநாயகி கிளிக்கூண்டைத் தூக்கிவிட்டாள்.

கிளி ஜோசியம் பார்க்கும் சிட்டிபாபு மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "விடும்மா! கிளி எடுத்ததைத்தானே படிச்சேன்."

"காணாமப் போன மாடு எங்க இருக்குதுன்னு கேட்டா, கல்யாணமாம்!"

"இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமே" என்றார் தென்னேரியிலிருந்து அவளோடு வந்திருந்த கணவர். பெரியநாயகி கூண்டை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

வரதராஜப் பெருமாள் கோயில் மதிலோரம் பூ விற்கும் அம்சா விழுந்து விழுந்து சிரித்தாள். சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. தனி ஆள், கிளி உழைத்தால்தான் சோறு. கொஞ்ச நாளாக யார் வந்தாலும் கிளி பச்சையம்மா கல்யாணச் சீட்டையே எடுத்துக்கொண்டிருந்தது.

சீட்டுகளைக் கலைத்துப் போட்டான். மறுபடியும் கல்யாணம்! உற்றுப் பார்த்தான். அந்தச் சீட்டின் ஓரத்தில் மட்டும் குங்குமக் கறை.

"அடிப்பாவி! கறையைப் பார்த்துக்கினுதான் எடுக்கிறியா?"

எல்லாச் சீட்டுக்கும் குங்குமம் தடவினான். அடுத்து வந்தவர் மடியில் பச்சையம்மா ஒன்றுவிடாமல் அத்தனையையும் இழுத்துப் போட்டது.

"இன்னாபா, கல்யாணமும் கண்டமும் ஒண்ணாவா வருது?" என்று அவர் எழுந்து போனார்.

எல்லாவற்றையும் துடைத்தான்; கல்யாணச் சீட்டின் பழைய கறை மட்டும் முழுசாகப் போகவில்லை. கல்யாணத்தை விட்டு வேறு எதை எடுத்தாலும் நெல்லை அள்ளிக் கொடுப்பது என்று முடிவு செய்தான். கிளிக்கு முதலில் அகப்பட்டது மூலை மடங்கிய ஏழரைச் சனி. கை நிறைய நெல்லைக் கண்டபின் அது சனியை விடவில்லை. பெல்பாட்டம் போட்ட புது மாப்பிள்ளைக்கும் சனி.

"இதைத் தாலி கட்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று மாமியார் சண்டைக்கு வந்தாள்.

அப்போதுதான் சிட்டிபாபுவுக்குப் பொறி தட்டியது. நெல் கிடைக்கும் இடத்தில்தானே கிளியின் கண் நிற்கிறது? ஒரு தரம் நெல் வாங்கிய சீட்டுக்கு மறு தரம் கிடையாது என்று வைத்தான். முறைத்துக்கொண்டு திரிந்த பச்சையம்மா, மெல்ல மெல்ல ஆளுக்கொரு சீட்டு எடுக்கத் தொடங்கியது. ஒருவருக்குப் புதுத் தறி, ஒருவருக்கு ஆண் குழந்தை, வாலாஜாபாத்காரருக்குக் கோர்ட்டில் வெற்றி. கோயிலுக்கு வந்த கூட்டம் சிட்டிபாபு முன்னால் வரிசை கட்டியது.

"கிளியைப் படிச்சவன்டா நான்!" என்று அவன் மீசையை முறுக்கினான்.

கூட்டம் குறைந்ததும் அம்சா பூக்கூடையை ஒதுக்கிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஒண்ணு பாருய்யா."

கூண்டைத் திறந்தான். பச்சையம்மா அம்சாவைக் கண்டதும் கழுத்தை நீட்டிக் கத்தியது. மேலே இருந்த சீட்டுகளைத் தள்ளித் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த கல்யாணச் சீட்டை உருவிக்கொண்டு அவளிடமே ஓடியது.

"போச்சு! எல்லாம் மறந்துபோச்சா உனக்கு?" சிட்டிபாபு தலையில் கைவைத்தான்.

அம்சா சீட்டை வாங்கி அவன் கையில் வைத்தாள். "நீ டீ குடிக்கப் போறப்பல்லாம் வேர்க்கடலை குடுத்து இதை எடுக்கப் பழக்கினது நான்தான்யா, கிளிக்குப் புரிஞ்சது உனக்கு எப்பய்யா புரியும்?"