இந்த சீசனுக்கு மட்டும் மூணாறு போய்விடுங்கள், மாப்பிள்ளை

முகாம்: ஐந்தருவி
ஆடி மாதம், சாரல் நிற்காத ஒரு முற்பகல்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் சிரஞ்சீவி பால்வண்ணநாதன் அவர்களுக்கு, தென்காசி அத்தான் நாறும்பூநாதன் ஆசி கூறி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காள் உலகம்மையும் அருவியும் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் மீனுவும் பிள்ளைகளும் உங்கள் புதுக் காரும் அதேபோல் சுகமாக இருக்க உலகம்மன் துணை செய்யட்டும்.

போனில் முடிகிற காரியத்துக்கு எதற்குக் கடுதாசி என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறக்கும் முன்னே உங்கள் அக்காள் பிடுங்கி, "ஏலே பாலு, எப்பம்லே வாரே?" என்று கேட்டுவிடுவாள். அப்புறம் நான் பேசி என்ன, பேசாமல் இருந்து என்ன? அதனால் அவள் அருவிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் நீங்கள் "சீசன் எப்படி அத்தான்?" என்று கேட்டபோது, "நாங்க ஊர்லயே இல்ல மாப்ளே, இந்தியாவைச் சுத்திப் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன். நீங்களும் பெருந்தன்மையாக, "அப்ப நாங்க மூணாறு போயிக்கிடுதோம்" என்றீர்கள். நான் சொன்னது முழுப் பொய் இல்லை. சுற்றிப் பார்க்கப் போனது சத்தியம். திரும்பி வந்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். அதற்குக் காரணம் உண்டு, கோபப்படாமல் வாசிக்கவும். நீங்கள் மனசு மாறி இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பிவிடக்கூடாதே என்றுதான் இப்போது உண்மையை எழுதுகிறேன்.

தென்காசியில் வீடு கட்டியவன் பாடு உங்களுக்குத் தெரியாதது இல்லை. முதல் சாரல் விழுந்ததும் சித்தப்பா வீடு, பெரியம்மை வீடு, பெரியம்மையின் பக்கத்து வீடு என்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். வரட்டும், வேண்டாம் என்றா சொன்னோம்? ஆனால் அருவியில் குளித்தவனுக்கு எடுக்கிற பசி சாதாரணப் பசி இல்லை. இட்லிக் கொப்பரை அடுப்பை விட்டு இறங்காது. உங்கள் அக்காள் என்றைக்காவது அருவிக்கு வந்தாலும், புளியோதரைத் தூக்குச்சட்டியைச் சுமந்துகொண்டுதான் வருவாள். எல்லாரும் தண்ணீருக்குள் நிற்க, இவள் கரையில் துணிமணிக்கும் சங்கிலிக்கும் குரங்குகளுக்கும் நடுவே காவல் இருப்பாள். கடைசியில் அவள் தலையை நீட்டும்போது யாராவது ஒரு பிள்ளை, "அத்தே, பசிக்கி" என்று நிற்கும். ஒரு முக்கு முக்கிவிட்டு ஈரச் சேலையோடு கிளம்பிவிடுவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

இந்த வருஷம் ஜன்னல் வழியே முதல் சாரல் அடித்தபோது, மாவு ஆட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "போதும்னு நானே சொல்லுத வரைக்கும் ஒரு தடவையாவது அருவியில நிக்கணுங்க. நம்ம ஆளுக ஒருத்தரும் வராத ஊர்ல ஒரு அருவி இருக்கா?" என்றாள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து, ஊரையெல்லாம் விசில் ஊதி அனுப்பி வைத்தவன் நான். என் வீட்டுக்காரியை எங்கே அனுப்பினேன், சொல்லுங்கள்? அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டேன்.

ரயிலும் பஸ்ஸும் மாறி மாறிக் கர்நாடகத்தில் ஜோக் அருவிக்குப் போனோம். நம் ஊர்க்காரனுக்கு அருவி என்றால் என்ன அர்த்தம்? தலையில் எண்ணெய், தோளில் துண்டு. விடிந்ததும் விடுதி அறையிலேயே இரண்டு பேரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, கிண்ணத்தில் சீயக்காயோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார். சீட்டில் உட்காரக்கூடாது என்கிறார் என்பது மொழி தெரியாமலே விளங்கியது. கம்பியைப் பிடித்தால் கை வழுக்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேல் போய் விழுந்தேன். இறங்கும்போது அவர் சட்டையில் என் முதுகு அப்படியே பதிந்திருந்தது, பாவம். அங்கே போய்ப் பார்த்தால் ஸ்வெட்டரும் குடையுமாக ஜனங்கள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அருவி பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் விழுகிறது!

"அங்கனயா விழுது? நாம எப்படிப் போறது?" என்றாள். காவலாளி விசிலை ஊதிக் கையை விரித்தார். "குளிக்கக் கூடாதாம், பாக்க மட்டுந்தானாம்" என்றேன். "பாக்கதுக்கா இவ்ளோ தண்ணி?" என்றாள். நாங்கள் ஏதோ வேண்டுதலுக்கு வந்த கோலம் என்று நினைத்து ஒரு கூட்டம் எங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டது. ஒரு பெண்பிள்ளை உங்கள் அக்காள் காலில் விழுந்தே விட்டாள். மூடுபனி விலகித் தண்ணீர் முழுசாகத் தெரிந்தபோது, அடடா, கண்கொள்ளாத காட்சிதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். அவளும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, படத்துல இருக்கிற இட்லி மாதிரி" என்றாள். அறைக்குத் திரும்பி, வாளித் தண்ணீரில் எண்ணெய் போகாமல் ஆளுக்கு ஒரு சோப்பு தீர்த்தோம்.

சரி, மலையாள தேசம் நம்மைக் கைவிடாது என்று அதிரப்பள்ளிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை சூதானமாக எண்ணெயைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, பாறைக்குப் பக்கத்தில் போய்த்தான் தேய்த்தோம். தேய்த்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சேட்டா, இவிட குளிக்கான் பற்றில்லா" என்றார் அங்கிருந்த காவல்காரர். இங்கேயும் குளிக்க முடியாதாம். முதலிலேயே சொன்னால் என்ன? தெறித்து வந்த தூவானத்துக்கு முகத்தைக் காட்டி நின்றுவிட்டு, "இது நம்ம மொட்டை மாடியிலயே விழுமே" என்றாள் உங்கள் அக்காள். அழுவாளோ என்று பயந்தேன். சிரித்துவிட்டாள்.

ரயில் செங்கோட்டையைத் தாண்டும்போது ஜன்னலில் நம் ஊர்க் காற்று குப்பென்று அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தென்காசியில் இறங்கி, வீட்டுச் சாவி இடுப்பில் இருக்க, ஆட்டோவை நேரே ஐந்தருவிக்கு விடச் சொன்னோம். சொந்த ஊரில் லாட்ஜ் எடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மேனேஜர் சேக் மைதீன் ஊர் கேட்டார். கூச்சத்தில் "கோயம்புத்தூர்" என்றேன். "அண்ணாச்சி, நீங்க தென்காசி டைம் கீப்பர்லா? நான் மாப்பிள்ளையா உக்காந்திருந்த பஸ்ஸை, நேரம் ஆகலைன்னு நிப்பாட்டி வச்ச ஆளுல்லா!" என்றார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "கவலைப்படாதீய. கீழ் ரூம் பார்ட்டியும் இதையேதான் சொல்லியிருக்காவ. சீசன்ல பாதிப் பேரு யார்ட்டயாவது ஒளிஞ்சுதான் குளிக்காவ" என்றார். நல்ல மனுஷன்.

இப்போது உங்கள் அக்காள் தினமும் காலையில் போகிறாள், சாயங்காலம் போகிறாள். அரிவாள்மணை இல்லை, அடுப்பு இல்லை. திரும்பி வந்ததும், "போதுமா?" என்று கேட்பேன். "இன்னும் இல்ல" என்பாள். நேற்று ஈரத் தலையோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்த நேந்திரம் சிப்ஸைப் பறித்துத் தின்றுகொண்டே சும்மா சிரித்தாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றாள். இந்தச் சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை, மாப்பிள்ளை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த ஒரு சீசன் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். உங்களைப் பார்த்தால் அவள் அந்த நிமிஷமே கரண்டியைத் தேடுவாள். நம் தேசத்தில் ஊருக்கா பஞ்சம்? மூணாறு அருமை. தேயிலைக்கு நடுவே நடந்தாலே போதும், பசிக்காது. ஊட்டி இருக்கிறது, கூர்க் இருக்கிறது. ஜோக்கைக் கட்டாயம் பாருங்கள், எண்ணெய் மட்டும் வேண்டாம். அதையும் தாண்டி சிம்லா, காஷ்மீர் என்று போகலாம். அங்கெல்லாம் அத்தான் வீடு கிடையாது என்பது ஒரு குறைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனுவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். கார் நிதானமாகப் போகட்டும், காற்றும் மழையும் உங்களுக்கு அனுசரணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் நாறும்பூநாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கதவு தட்டினார்கள். திறந்தால் உங்கள் அக்காள். அவள் பின்னால் சொட்டச் சொட்ட உங்கள் மீனு! அருவியில் பெண்கள் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்கள், "தள்ளி நில்லுங்க" "நீங்க தள்ளுங்க" என்று சண்டை போட்டு, கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அக்காளுக்குச் சமையல் சிரமம் வேண்டாம் என்று மூணாறு போவதாகச் சொல்லிவிட்டு, எங்கள் காலுக்குக் கீழேயே ரூம் போட்டு ஒளிந்திருக்கிறீர்களே, நீங்கள் நல்லா இருக்க வேண்டும். அந்தக் கீழ் ரூம் பார்ட்டி நீங்கள்தானா?

நான் பயந்தபடியே உங்கள் அக்காள் கரண்டிப் பேச்சை எடுத்தாள். ஆனால் கரண்டி பிடிக்கச் சொன்னது என்னைத்தான். "எனக்கு இன்னும் போதலை. மீனுவுக்கும் போதலையாம். நீங்களும் பாலுவுமா வீட்டுக்குப் போயி சொதி வையுங்க, நாங்க பசியோட வருவோம்" என்று சாவியையும் மேசை மேல் வைத்துவிட்டு, இரண்டு பேரும் திரும்பவும் அருவிக்குப் போய்விட்டார்கள். எனவே மேலே எழுதியதை ரத்து செய்து, இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளுகிறேன். உடனே கிளம்பி வரவும். தேங்காய்ப்பால் பிழியத் தெரியுமா?