இரண்டு வீட்டுக்கும் ஒரே தாத்தா

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை, இல்லாத தாத்தாவை ஒரே நாளில் வரவழைத்துக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். ஊர் அவரைக் ‘கொட்டாரம்’ என்று கூப்பிட்டது. கொட்டாரம் என்றால் அரண்மனை. அவர் வசித்ததோ, படங்களுக்குச் சட்டமிடும் ஓலைக் கடையில்.

சுவர் முழுக்கக் கல்லில் எழுதித் தாளில் அடித்த பழைய கல்லச்சுப் படங்கள். சரிகைத் தலைப்பாகைப் பிரபுக்கள், கசவுச் சரிகை உடுத்த ராஜகுலத் தம்புராட்டிகள், சிரிக்க மறுக்கும் குழந்தைகள். “முறையா படம் வரையப் படிச்ச ஆளு எழுதினதாக்கும். அந்த விரல் நகத்தைப் பாரு மக்கா, ஜீவன் உண்டு!” என்பார். காலையில் கடையைத் திறக்குமுன் வாசலில் நின்று இருமுவார். உள்ளே பெண்கள் இருக்கிறார்களாம்.

அது எல்லைப் போராட்டக் காலம். தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஒரு வாரம் ஊர்வலம், கூடாதென்று மறு வாரம் ஊர்வலம். பஸ் ஓடாத சாலையில் நடந்தே எங்களுக்குக் கால் ஓய்ந்தது. ஒருநாள் சேர வேண்டுமென்ற கட்சிக் கொடியோடு சிலர் கடைக்குள் நுழைந்தார்கள்.

“மலையாளத் தம்புரான்மாரை இறக்கும் ஓய்!”

“இதுல ஒருத்தராவது மலையாளம் பேசி நீரு கேட்டீரா?” என்றார் கொட்டாரம்.

யோசித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை, சுவரைப் பார்த்தார்கள். பெரியவர் படம் தொங்காத வீடு தறவாடு இல்லையாம், பரம்பரைக் குடும்பமே இல்லையாம். காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. களியக்காவிளை வரனும் தட்டிப்போனால் இனி யாரையும் கூப்பிடப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

சேதி கேட்டுக் கொட்டாரம் ஒரு பெரிய படத்தைத் தலையில் சுமந்து வந்தார். மீசையும் பட்டுச் சட்டையுமாக ஒரு பிரபு. மாட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “இன்னு முதல் இது உன் அப்பன்.”

“எனக்கு அப்பன் முகமே ஓர்மையில்லியே.”

“அப்போ நல்லதாப் போச்சு.”

படத்துக்குக் காவலாக அவரும் அடியிலேயே உட்கார்ந்துகொண்டார். களியக்காவிளையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார், நிமிர்ந்தார், நின்றுவிட்டார்.

“இதென்ன, எங்க அப்பா இங்க இருக்காரு?”

அவர் வீட்டுக்கும் என்றோ கொட்டாரம் கொடுத்த தாத்தாதான். ஒரே கல்லில் எத்தனை தாள் அடித்தார்களோ! படம் யாருடையது என்று விசாரித்தால் இரண்டு வீட்டுக் குட்டும் வெளியாகும். அக்கா காப்பி டம்ளர்களை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

கொட்டாரம் துள்ளி எழுந்தார். “கண்டுபிடிச்சிட்டீரா! உமக்கும் அப்பா, இவளுக்கும் அப்பா. அப்போ இவ உமக்குத் தங்கச்சியாக்கும். மகனுக்குத் தங்கச்சி மகளை எடுக்காம வேற யாரை ஓய் எடுப்பீரு?”

தகப்பனார் படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பொய்யே சொல்லத் தெரியாத என் அம்மா சொன்னாள்: “வாங்க அண்ணே, காப்பி ஆறுது.”

அவர் உட்கார்ந்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, களைத்த குரலில், “அப்பாவுக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்” என்றார்.

கல்யாணம் நடந்தது. பிறகு எல்லைக்கோடு விழுந்தது. அக்கா அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“எலே, கொண்டு போ. சர்க்கார் பிரிச்சது போதாதா?”

கொட்டாரத்துக்குச் சொந்தமென்று யாருமில்லை. விசேஷ நாட்களில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இவர் உங்களுக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால், அம்மா கண்ணிமைக்காமல் சொல்வாள்: “எங்க சித்தப்பாவாக்கும்.”