முகூர்த்த நாளும் எரிமலையும்

தேதி மனிதர் என்றொரு இனம் உண்டு. காலையில் கண் விழித்ததும் நாமெல்லாம் காபியைத் தேடுவோம். அவர், இதே தேதியில் எந்த ராஜா செத்தார் என்று தேடுவார்.

அண்ணாமலை நகர் கார்த்திகேசன் அந்த இனத்தில் அசல் சரக்கு. செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலை. சிதம்பரத்தில் பஸ் ஏறியதும், "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். அந்த மனுஷன் வெள்ளந்தியாக "செவ்வாய்க்கிழமை" என்று சொல்லிவிட்டால் தொலைந்தார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ஒரு கோட்டை விழுந்து, ஒரு கப்பல் மூழ்கி, ஒரு விஞ்ஞானி பிறந்து, அந்த விஞ்ஞானியே செத்தும் போயிருப்பார். ஆலப்பாக்கத்தில் அந்த மனுஷன் தூங்குவதுபோல் நடிப்பார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? அவர் மகள் சத்யப்பிரியாவைக் கேளுங்கள். திருவதிகையிலிருந்து வந்த வரன் அருள்முருகனை அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. பிள்ளையின் அப்பா தேவநாதன் நாள் குறிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். ஆவணியில், ஆகஸ்ட் இருபத்தேழு என்றார். அன்றுதான் கிரகட்டோவா எரிமலை வெடித்தது என்றார் கார்த்திகேசன். செப்டம்பர் பதினொன்று? இரட்டைக் கோபுரம் இடிந்த நாள். சரி, தையில், ஜனவரி முப்பது? காந்தியைச் சுட்ட நாளிலா கெட்டிமேளம்? ஜோசியர் கொடுத்த நாளில் அஷ்டமி இல்லை, நவமி இல்லை. இவர் கணக்கில் மட்டும் தினமும் இழவு.

தேவநாதன் முகம் சுண்டிப்போய் எழுந்தார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்க சம்பந்தி. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

உள்ளே சத்யப்பிரியா அழுதேவிட்டாள். கார்த்திகேசன் அவசரமாக எழுந்தார். மகள் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே இத்தனையும் பார்த்தார்? சமாதானம் சொல்ல வாயைத் திறந்தார். ஏதோ ஒரு போர்தான் நாக்கில் வந்து நின்றது.

அப்போது அவர் மனைவி பவானி காபித் தட்டோடு வந்தார்.

"நம்ம கல்யாணம் செப்டம்பர் ஒண்ணு. அன்னைக்கு என்னா நடந்துச்சாம்?"

கேட்டால் சொல்லாமல் இருக்க அந்த இனத்தால் முடியுமா?

"ரெண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சுது" என்றார் பளிச்சென்று.

"அதாச்சும் ஆறு வருசத்துல முடிஞ்சிடுச்சு" என்றார் பவானி.

தேவநாதன் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்துவிட்டார். எரிமலை நாளுக்கே கல்யாணம் முடிவாயிற்று. கார்த்திகேசனே காபியை எடுத்து சம்பந்தி கையில் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் கல்யாணத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று செல்போனில் தட்டிப் பார்க்க இந்நேரம் கை பரபரக்கிறதா இல்லையா? பாருங்கள், பரவாயில்லை. வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.