பரணில் வளர்ந்த பேட்டரி

எர்ணாவூர் மேம்பாலம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூட்டர் நின்னுபோச்சு. நடுரோட்டில். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அடித்த ஹாரனில் நைனாவோட லுங்கி ஒருதரம் பறந்து இறங்கியது.

"இன்னாடி இது? கெளம்பும்போது நூறு காட்டுச்சே!" நைனா மீட்டரைத் தட்டினார். பூஜ்யம். மறுபடி தட்டினார். அப்பவும் பூஜ்யம்.

பின்சீட்டிலிருந்து அம்மா இறங்கினாங்க. "தட்டாதய்யா. அது இன்னா பலாப்பழமா?"

நான் எங்க கடை வண்டியில் பின்னாலேயே வந்தேன். பந்தயத்துக்கு நான்தான் அம்பயர். என் காலடியில் அம்மாவோட பேட்டரி.

வீட்டில் ஸ்கூட்டர் ஒண்ணு, பேட்டரி ரெண்டு. ரெண்டும் மூணு வருசம் முன்னாடி ஒரே நாளில் வாங்கினது. ஒண்ணு அம்மாவுக்கு, காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவா விக்க. இன்னொண்ணு நைனாவுக்கு. எந்த பேட்டரி எங்க குப்பத்திலிருந்து முகத்துவாரம் போய்த் திரும்புதோ, வண்டி அவங்களுக்கு. நைனா ஜெயிச்சா அம்மா பழையபடி மீன் கூடையோட ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டணும். ஒருத்தனும் நிறுத்த மாட்டான். மீன் கூடையைப் பாத்தாதான் அவனுங்களுக்கு மூக்கே முளைக்கும்.

நைனாவுக்குத் துளி சந்தேகம் இல்லை. ஏன்னா அவர் பேட்டரியை அவர் ஓட்டவே இல்லை. பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. கம்பளியில் சுத்தி, அடுப்புக்கு மேலே, சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, பரணில். அமாவாசைக்கு அமாவாசை இறக்குவார். கழுத்து வரைக்கும் சார்ஜ் ஏத்துவார். எலுமிச்சம்பழம் வச்சுக் கற்பூரம் காட்டி மறுபடி மேலே ஏத்திடுவார். எங்க வீட்டில் மனுசங்க யாருக்கும் அந்த மரியாதை கிடைச்சதில்லை.

"உங்கம்மா பேட்டரி தெனிக்கும் ஒழைச்ச கெயவி. என்து கல்யாணப் பொண்ணு" என்பார்.

போன வாரம் அம்மா பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம், நைனா காதில் விழற மாதிரி, "என் பேட்டரி செத்துகினு கீது மலரு"ன்னு மூக்கைச் சிந்தினாங்க. நைனா துள்ளி எழுந்து பந்தயம் கட்டினார். அம்மா உடனே சரின்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா எதுக்கும் உடனே சரி சொல்ற ஆளே இல்லை.

இப்போ ரோட்டோரம் நைனா அலறுகிறார். "புதுசுடி அது! கை படாத சரக்கு!"

"ஐஸ்ல மாசக்கணக்கா கெடந்த வஞ்சரத்தக்கூடத்தான் யாரும் தொடல. அது புதுசாய்யா?"

நான் பன்னெண்டாவதைப் பாதியில் விட்டவ. ஆனா ஸ்கூட்டர் சர்வீஸ் கடையில் வேலை செய்யறேன். அதனால் சொன்னேன்.

"நைனா, உள்ள ரெண்டு பக்கம் கீது. லித்தியம் இந்தாண்டயும் அந்தாண்டயும் போய் வந்துகினே இருக்கணும். ஃபுல் சார்ஜ் போட்டா எல்லாம் கரித்தகட்டுப் பக்கம் அடைஞ்சு கெடக்கும். அப்ப சூடு பட்டா கரி மேல பால் ஏடு மாதிரி படியும். அந்த ஏடு லித்தியத்தத் தின்னும். தின்னது திரும்பி வராது. நீ பரண்ல வச்சு நல்லா ஊட்டி வளத்துக்கீற."

"அப்ப நூறு காட்டுச்சே?"

"குடம் சொம்பாயிடுச்சு. சொம்பு ரொம்பினாலும் நூறுதான்."

"உங்கம்மாது மட்டும் தேயாதா?"

"தேயும். ஓட்ட ஓட்ட அந்தக் கரி ஊதிச் சுருங்கி, ஊதிச் சுருங்கி உள்ள வெடிப்பு வுடும். ஆனா அம்மா முழுசா ஏத்தறதில்ல. தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல நெழல்ல வைக்கிறாங்க."

"இத ஏன்டி மொதல்லயே சொல்லல?"

"சொன்னேன். 'படிப்ப வுட்டவ பாடம் எடுக்க வந்துட்டா'ன்னு நீதான சொன்ன."

நைனா அம்மாவைப் பார்த்தார். "உனுக்கும் தெரியுமா?"

"போன மாசமே பரண்லேர்ந்து எறக்கி, இவ கடை மிஷின்ல போட்டுப் பாத்துட்டேன். பாதிகூட இல்ல. எலுமிச்சம்பழத்தக்கூட அதே எடத்துல வச்சேன்யா."

நான் லீவு போட்ட நாளாப் பாத்து வந்திருக்காங்க! எனக்கே வாய் மூடல.

அம்மா தன் பேட்டரியை மாட்டினாங்க. வண்டி உயிர் வந்து கண்ணைத் திறந்தது. திடீர்னு நைனா தலையில் கை வச்சார். "ஐயையோ, செல்வம்!"

செல்வம் மாமா குப்பத்து முனையில் மேளம், ரோஜா மாலை, பத்தாயிரம் வாலாவோட நிக்கிறாராம். ஸ்கூட்டர் கண்ணில் பட்டதும் கொளுத்தச் சொல்லி நைனா ஏற்பாடு.

"போன் போட்டு நிறுத்தச் சொல்லுய்யா. தோத்துட்டேன்னு ஒரே வார்த்த. எனுக்கு மாலய போட்டா ஊரே சிரிக்கும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அம்மா முகத்துவாரம் பக்கம் பறந்துட்டாங்க.

நைனா போனை எடுத்தார். முறைச்சுப் பார்த்தார். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லட்டா?"

"இன்னாவாச்சும் சொல்லு. மொதல்ல போடு."

அம்மா முகத்துவாரத்தைத் தொட்டுக் குப்பம் திரும்பற நேரத்துக்குச் செல்வம் மாமா அனுப்பின வீடியோ வந்தது. வெடிப் புகை. புகைக்கு நடுவில் அம்மா, கழுத்தில் மாலை. மாமா குத்தாட்டம் போடுகிறார். மேளத்தைத் தாண்டி அம்மா குரல் கேட்குது: "இன்னாடா பேஜாரு இது? அந்தாளு போன் போடலியா?"

போடல.