மூன்று டிகிரிக் குற்றம்

பிக்ஸ்லி ஊரில் பேஸ்பால் ஆட்டத்தை ஜெயிப்பதற்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குறைபாடு முப்பத்தெட்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

நான் அந்த அணியில் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவன். அணியின் பெயர் பிக்ஸ்லி கெளுத்திகள். அயோவாவின் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே எங்கள் மைதானம். பெரிய நகரத்து அணி ஒன்று இளம் பையன்களை எங்களிடம் அனுப்பும். நாங்கள் தேற்றி மேலே அனுப்ப வேண்டும். தேறாதவனுக்கு ஒரு கடிதம் வரும், அவன் பஸ் ஏறுவான். முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் ஒரு கோப்பையும் வாங்கவில்லை. ஆனாலும் ஆசைப்படுவதை விடவில்லை.

ஏப்ரல் மாதம் அந்தப் பெரிய அணியின் தலைமை அலுவலகத்திலிருந்து கெண்ட்ரிக் பெல் என்பவர் வந்து சேர்ந்தார். இளந்திறன் மேம்பாட்டுத் துறையின் இணை இயக்குநர். வயது இருபத்தொன்பது. கையில் இரண்டு மடிக்கணினி, கழுத்தில் மூன்று அடையாள அட்டை. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் அவருக்குத் திறந்த மனம் இருந்தது.

எங்கள் மேலாளர் டச் ஹேவர்காம்ப் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே அவரை வரவேற்றார்.

"ரன் என்பது ஒரு பக்கவிளைவு," என்றார் பெல். "வளர்ச்சிதான் விளைவு. இனிமே அதைத்தான் அளக்கப் போறோம்."

"அப்ப ஜெயிச்சா?" என்றார் டச்.

"அதுக்குத் துறை பொறுப்பேற்காது."

அவர் கவனத்துக்கு முதலில் வந்தவன் நெல்சன் உர்தானெத்தா. வெனிசுவேலாக்காரன், இருபத்திரண்டு வயது. அவன் அடித்தால் பந்து இடுப்பு உயரத்தில் சீறிக்கொண்டு இரண்டு ஆட்களுக்கு நடுவே போகும். பத்துக்கு மூன்றரை தடவை அவுட் ஆகாமல் பேஸில், அதாவது ஓடிச் சேர வேண்டிய மூலையில், போய் நிற்பான். பேஸ்பாலில் அது கோயில் கட்டிக் கும்பிட வேண்டிய கணக்கு.

பெல் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நெல்சன், உன் பந்து எட்டு டிகிரியில கிளம்புது. இருபத்தஞ்சுல கிளம்பணும்."

"ஆனா நான் பேஸ்ல போய் நிக்கறேனே சார்."

"நிக்கற. தப்பான கோணத்துல போய் நிக்கற."

நெல்சன் என்னைப் பார்த்தான். நான் மடிக்கணினியைப் பார்த்தேன்.

இரண்டாவது ஆள் டோபின் ஹெஸ்கெத், நெப்ராஸ்காவில் பன்றிப் பண்ணை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன். மெதுவாகத்தான் பந்தை எறிவான். ஆனால் தபால்காரர் மாதிரி சரியான விலாசத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அடிக்க முடியாமல் எதிரணி தலையைச் சொறியும். அவனுக்கு வந்த உத்தரவு: வேகத்தைக் கூட்டுக, விலாசம் பின்னர் பரிசீலிக்கப்படும்.

டோபின் கூட்டினான். அந்த வாரமே பந்து மணிக்குத் தொண்ணூற்றேழு மைல் போனது. முதலில் பள்ளிக்கூட பேண்டு வாத்தியத்தின் பெரிய ஊதுகுழலுக்குள் போனது. அடுத்த நாள் மேயர் வாயருகே கொண்டுபோன சாசேஜ் ரொட்டியைத் தட்டிவிட்டது. மூன்றாம் நாள், கெளுத்தி மீன் வேஷம் போட்டுக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கிற தீவனக்கடை ஏர்ல் ஸ்டப்ஸின் வயிற்றில் பட்டது. பஞ்சு இருந்ததால் பிழைத்தார்.

"எங்க போச்சுங்கறது இடம் சம்பந்தப்பட்ட விஷயம்," என்று பெல் ஏர்லுக்கு விளக்கினார். "எவ்வளவு வேகமாப் போச்சுங்கறதுதான் திறமை சம்பந்தப்பட்டது."

"என் வயிறு சம்பந்தப்பட்டது எது சார்?" என்று மீன் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாதம் முடிவதற்குள் டோபினுக்குப் பதவி உயர்வு வந்தது. நாங்கள் எல்லோரும் கை கொடுத்து அனுப்பினோம். ஏர்ல் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று வாழ்த்தினார்.

நெல்சன் சொன்னபடி கேட்கிற பையன். பந்தை வானத்துக்கு அடிக்க ஆரம்பித்தான். அழகாக எழும்பும், மேகத்தை விசாரித்துவிட்டு வரும், கீழே காத்திருக்கிற ஆளின் கையுறையில் உட்காரும். அவுட். தினமும் அப்படியே. பத்துக்கு மூன்றரை, பத்துக்கு ஒன்றரை ஆனது. அவன் பெயருக்கு நேரே அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று வந்தது. அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

"கோச், எனக்குப் பந்து அடிக்கறது மறந்துபோற மாதிரி இருக்கு," என்றான் ஒருநாள்.

"அதுதான் வளர்ச்சிடா," என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூனில் பக்கத்து ஊர் கார்வின் அணியோடு ஒரு மதிய ஆட்டம். எங்கள் பையன்களுக்கு அன்று கண் பயிற்சி நாள். பந்தைப் பார்க்க வேண்டும், மட்டையைத் தூக்கக் கூடாது. கார்வினுக்கும் ஒரு மேம்பாட்டுத் துறை உண்டு. அவர்கள் பந்தெறிபவர்களுக்கு அன்று ஓர நாள். நடுவே எறியக் கூடாது. நாலு பந்து விலகிப் போனால் மட்டைக்காரன் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்கலாம் என்பது விதி. எங்கள் ஆட்கள் நடந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி நடந்து பதினான்கு ரன் எடுத்தார்கள். அடிக்காமல் விட்டால் அவுட் ஆக்குகிற நடுப்பகுதியின் ஓரத்தைத் தற்செயலாகத் தொட்ட பந்துகளால் மூன்று பேர் அவுட் ஆனபோது ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. அடுத்து அவர்கள் மட்டை பிடிக்க வந்தார்கள். அவர்களுக்கும் அன்று கண் பயிற்சி நாள். எங்களுக்கும் ஓர நாள்.

அம்பயர் லொரெட்டா ஃபின்ச் முகமூடியைக் கழற்றினார். "யாராவது ஒருத்தர் மட்டையைத் தூக்கித் தொலைங்கப்பா. வீட்டுல மாட்டுக்குத் தண்ணி வைக்கணும்."

யாரும் தூக்கவில்லை. பத்தொன்பதுக்குப் பதினேழு என்ற நிலையில், இரண்டாவது இன்னிங்ஸ் நடுவே, பந்து தீர்ந்துபோனதாக அறிவித்துவிட்டு அந்த அம்மாள் கிளம்பினார். கையில் ஒரு பை நிறையப் பந்து இருந்தது. இரு துறை அதிகாரிகளும் கை குலுக்கிக்கொண்டார்கள். இருவருக்கும் நூற்றுக்கு நூறு.

ஜூலையில் புது ஸ்கோர் போர்டு வந்தது. அதில் பந்தின் கோணம், வேகம், சுழற்சி எல்லாம் வண்ண வண்ணமாக மின்னும். இடப் பற்றாக்குறை காரணமாக ரன் நீக்கப்பட்டிருந்தது. முதல் வாரம் ஜனங்கள் திட்டினார்கள். இரண்டாம் வாரம் ஏர்ல் பக்கத்து சீட்டுக்காரரிடம் கோணம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் வாரம், எங்கள் ஆள் ஒருவன் முப்பத்தோரு டிகிரியில் அடித்து அவுட் ஆனபோது, இரண்டாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதற்கு நடுவே, எப்படி என்று தெரியாது, நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். மற்ற அணிகள் எங்களைவிட அதிகம் வளர்ந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஸ்கோர் சமம். எங்கள் ஆள் மூன்றாவது பேஸில் நிற்கிறான்; அவன் உள்ளே ஓடி வந்தால் கோப்பை. மட்டை பிடிக்க நெல்சன். அன்று காலைதான் அவனுக்குத் தலைமை அலுவலகக் குறிப்பு வந்திருந்தது: சராசரி இருபத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் ஒப்பந்தம் ரத்து. அவன் நின்றது இருபத்தைந்து புள்ளி ஒன்றில். உயரத் தூக்கி அடித்து அவுட் ஆனால் வேலை தப்பும். தரையோடு ஒன்று அடித்தால் போச்சு.

டச் அவன் தோளில் கை வைத்தார். "என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்பா. உன் பொழப்பு. மூணாவது பேஸ்ல ஒருத்தன் நிக்கறான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தெரியுது தலைவரே," என்றான் நெல்சன்.

முதல் பந்தை விட்டான். இரண்டாவது பந்துக்கு அவன் இடுப்பு திரும்பிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரல் மாதத்து நெல்சன். பந்து புல்லை உரசிக்கொண்டு இரண்டு ஆட்களுக்கு நடுவே பறந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்து வெள்ளைப் பலகையை மிதித்தான். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் கோப்பை.

போர்டில் மூன்று டிகிரி என்று சிவப்பில் மின்னியது.

ஜனங்கள் போர்டைப் பார்த்தார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு "ஊ" கிளம்பியது. இரண்டாயிரம் பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"மூணு டிகிரியாம். இவனுக்கெல்லாம் கோச்சிங் வேற," என்று மீன் தலை சொன்னது.

நெல்சன் முதல் பேஸில் இடுப்பில் கைவைத்து நின்றான். டச் மட்டும் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். அறுபத்து மூன்று வயது மனிதர் அழுததை அன்றுதான் பார்த்தேன். பெல் தலைமை அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில், வெற்றி ஏற்பட்டதற்கு வருத்தம் தெரிவித்து, மேலாளரின் கவனக்குறைவே காரணம் என்றார். செவ்வாய்க்கிழமை டச்சுக்கும் நெல்சனுக்கும் ஒரே உறையில் கடிதம் வந்தது.

டச் மீன் பிடிக்கப் போய்விட்டார். நெல்சனை மெக்சிகோவில் ஓர் அணி எடுத்துக்கொண்டது. அங்கே போர்டில் ரன் மட்டும்தான் இருக்குமாம், கரண்ட் இருந்தால். எனக்கும் வாழ்க்கை மோசமில்லை. இப்போது இளந்திறன் மேம்பாட்டுத் துறையில் துணை இயக்குநர். இரண்டு அடையாள அட்டை.

போன வாரம் நெல்சனிடமிருந்து போனில் செய்தி வந்தது. பத்துக்கு நாலு அடிக்கிறானாம். முந்தின நாள் அவன் அடித்த அடியில் அணி ஜெயித்து, ஊரே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாம். இரண்டு தடவை படித்தேன். உடனே பதில் எழுதினேன்:

"ரொம்ப சந்தோஷம்டா தம்பி. எத்தனை டிகிரி?"