சாப்பாட்டுக் கடைக்கு நுழைவுத் தேர்வு

பல்கலைக்கழகம் உள்ள ஊரில் படித்தவர்கள் இருப்பார்கள். படித்தவர்களுக்கும் பசிக்கும். ஆகவே அந்தச் சிறிய ஊரில், பல்கலைக்கழக மதிலை ஒட்டிய தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்தால் கூட்டம் அலைமோதும் என்று கடைக்காரம்மா கணக்குப் போட்டாள். கணக்கில் பிழை இல்லை. கூட்டம்தான் வரவில்லை.

சமையல் அவள் கை, கல்லாவில் கணவர். சோறு பூப்போல இருக்கும். கறி வாசனை தெருமுனை வரை போய் ஆள் பிடித்து வரும். வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். மேசையெல்லாம் காலியாக இருப்பதைக் கண்டதும் நடையைக் கட்டிவிடுவார்கள். மிஞ்சியதைக் கணவரே தின்று தீர்த்தார். அவர் வயிறு வளர்ந்தது, கடை வளரவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான். முகம் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்க வேண்டும். அந்த இரண்டு சொல்லுக்காக அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

இந்த நிலையில்தான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். காலி மேசைகளுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சைக் கூடத்தில் நடப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாப்பிள்ளை, உங்க கடையில என்ன குறைன்னு தெரியுதா?"

"உப்பா, மச்சான்?"

"கதவு. திறந்தே கிடக்கு. கதவைத் திறந்து போட்ட காலேஜ்ல இந்த ஊர்க்காரன் எவனாவது பிள்ளையைச் சேர்ப்பானா? இடம் இல்லைன்னு சொல்லணும். அப்பத்தான் சிபாரிசு பிடிச்சுக்கிட்டு வருவான்."

"பசிச்சு வர்றவங்களை வெளியே நிறுத்தச் சொல்றியா அண்ணா?"

"இப்ப மட்டும் யாரும்மா உள்ளே இருக்காங்க?"

மறுநாள் வாசலில் பலகை ஏறியது: "இங்கு உணவருந்த நுழைவுத் தேர்வில் தேர்ச்சி அவசியம். தேர்வாளர் முடிவே இறுதியானது."

தினமும் அந்த வழியாகப் போகும் வரலாற்றுப் பேராசிரியர் அன்றைக்குத்தான் முதல்முறையாக நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?"

"அதை நான் சொல்றதுக்கில்லை சார்," என்றார் அண்ணன்.

"போன வருஷக் கேள்வித்தாள் கிடைக்குமா?"

"கடை திறந்தே நாலு மாசம்தான் சார் ஆகுது."

"பரவாயில்லை, அதையாவது குடுங்க."

அவர் எழுதினார், தோற்றார். வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் புலம்பினார். மறுநாள் காலையில் வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது.

பானைச் சோறு வெந்துவிட்டதா என்று அறிய எத்தனை பருக்கையைப் பார்க்க வேண்டும் என்பது முதல் கேள்வி. ஒன்று என்பது விடை. புள்ளியியல் பேராசிரியர் மேல்முறையீடு செய்தார். ஒரே ஒரு பருக்கையை வைத்து முழுப் பானையைப் பற்றி முடிவுக்கு வருவது அறிவியலுக்கு அடுக்காது என்றார். விசாரணைக் குழு கூடியது. கூடிப் பேசி, எல்லோருக்கும் அரை மதிப்பெண் வழங்கிக் கலைந்தது. அதற்குள் பானையில் இருந்த சோறு குழைந்து கூழாகிவிட்டது.

எதிர்ப்புறம் ஒரு பயிற்சி மையம் முளைத்தது. நிதானமாகப் பசிப்பவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி, அவசரக்காரர்களுக்கு ஆறு வாரம். பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. விருந்தினர்களை இனிமேல் தேர்ச்சி பெற்ற ஊழியர்களே சாப்பிட அழைத்துச் செல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

கடைசியில் ஒருவர் தேர்ச்சி பெற்றார். வேதியியல் விரிவுரையாளர். கடை வாசலில் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கடைக்காரம்மா தட்டைக் கழுவி எடுத்து வைத்தாள்.

"உள்ளே வாங்க சார், எல்லாம் சூடா இருக்கு."

"இருக்கட்டும்மா. பாஸ் பண்ணின கையோட வந்து உக்காந்தா, சோத்துக்காகத்தான் எழுதினான்னு பேசுவாங்க."

சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்துத் தேறியவர்களும் அப்படியே. ஊரில் பல வீட்டுச் சுவர்களில் அவளுடைய கடை தொங்கியது. மேசைகள் மட்டும் முன்போலவே காலியாக இருந்தன.

ஒரு நாள் மாலை பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகப் பதிவாளர் நின்றார்.

"அம்மா, நான் ஃபெயில்."

"அதனால என்னங்க, உக்காருங்க."

கவிழ்த்து வைத்த கூடைமேல் உட்கார்ந்தார். தட்டை வழித்தார். பிறகு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்," என்றார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்கூட நறுக்கவில்லை.

மறுநாள் அவர் இரண்டு பேரை அழைத்து வந்தார். பிறகு பின்கதவுச் சந்து முழுக்கத் துண்டு போட்ட தலைகள். தோற்றவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். அவள் கை ஓயவில்லை; வாயெல்லாம் பல்.

அண்ணன் கண்டுபிடித்துவிட்டார்.

"வாசல்ல நியாயம், கொல்லையில அநியாயமா? உழைச்சுப் பாஸ் பண்ணினவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்கதான் சாப்பிடவே வரலையே அண்ணா."

"சாப்பிடாதவங்க மனசை நோகடிக்கலாமா?"

விடிந்ததும் பின்கதவிலும் பலகை ஏறிவிட்டது: "முறைப்படி தோல்வியுற்றோர் மட்டும். இருபது மதிப்பெண்ணுக்கு மேல் பெற்றோர் பரிசீலிக்கப்பட மாட்டார்கள்." பயிற்சி மையம் உடனே உறுதியாகத் தோற்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது. புள்ளியியல் பேராசிரியர் எல்லா விடைகளையும் கண்ணை மூடிக்கொண்டு குறித்து, தவறிப்போய்த் தேர்ச்சி பெற்று, தெருவிலேயே அழுதார்.

அன்று பதிவாளர் பின்கதவில் நின்றார். உட்காரவில்லை.

"அரை மார்க் கூடிடுச்சும்மா. அந்தப் பருக்கைக் கேள்விக்குக் குடுத்தாங்களே, அது."

"அதெல்லாம் யாரு பார்க்கப் போறாங்க, உக்காருங்க."

"நானே விதியை மீறினா எப்படிம்மா?" பசியோடு போய்விட்டார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பலகைகளையும் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். நன்றாக எரிந்தன. "உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறே," என்று சொல்லிவிட்டு அண்ணன் பயிற்சி மையத்துக்கு ஆலோசகராகப் போய்விட்டார். அவள் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள்.

ஒருவரும் வரவில்லை. பதிவாளர் மட்டும் தெருவோரம் நின்று, உள்ளே பார்த்து, கூட வந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "தேர்வை எடுத்துட்டாங்களாம். தரம் குறைஞ்சிருக்கும்."

ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் ஒரு நாள் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

"ஏங்க, இன்னைக்கு நாம வெளியே சாப்பிடலாம்."

இருவரும் நடந்தார்கள். இதற்குள் ஊரில் எல்லாக் கடைகளும் முன்னேறிவிட்டன. ஒன்றில் எழுத்துத் தேர்வு, ஒன்றில் நேர்காணல், இன்னொன்றில் இரண்டு பேருடைய நன்னடத்தைச் சான்று. பசியில் அவளுக்குக் கண் இருட்டியது.

தெரு திரும்பும் இடத்தில் பலகையே இல்லாத ஒரு கடை. கையைத் துடைத்துக்கொண்டு கடைக்காரர் வாசலுக்கே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க ஐயா. எல்லாம் சூடா இருக்கு. உக்காருங்க."

வாசனை மூக்கைத் துளைத்தது. கணவர் படியில் காலை வைத்துவிட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பசிக்குதுன்னியே."

"பசிக்குதுதான். அதுக்காக? வாவான்னு கூப்பிடறாரு, ஒரு கேள்விகூடக் கேக்கலை. உள்ளே என்ன கோளாறோ."

எதிர்க்கடை வரிசையில் போய் நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். வரிசை நகரவே இல்லை.

"நல்ல கடையாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.