முனியாண்டி காவல் காத்த சைக்கிள்

அன்னிக்கு வேலை ரொம்ப லேசு. ஈப்போ பசாருக்குப் போயி எலுமிச்சம்பழமும் ஆட்டுக்கறியும் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

என் சைக்கிள் ஏற்கெனவே களவு போயிருச்சு. அதனால அக்கா வீட்டுக்காரரு சைக்கிளை எடுத்துக்கிட்டேன்.

"எனக்கு மத்தியான ஷிப்டு, மாப்ளே. அதுக்குள்ள சைக்கிள் வரணும். இதையும் தொலைச்சேன்னா நீயும் அப்படியே எங்கயாச்சும் போயிரு"ன்னாரு மச்சான். பாசமா சொன்ன மாதிரி தெரியல.

அந்தச் சைக்கிளுக்கு முன்னாடி ஒரு பூட்டு இருந்துச்சு. போன வாரம் எவனோ சைக்கிளை விட்டுட்டு, சீட்டுல தொங்கின பூட்டை மட்டும் தூக்கிட்டுப் போயிட்டான்! சைக்கிளோட மதிப்பு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

எலுமிச்சம்பழம் வாங்கியாச்சு. கறிக்கடை பசாருக்குள்ள, கூட்டத்துக்கு நடுவுல. சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போக முடியாது. வெளிய ஒரு பெரிய மரம். அதைப் பார்த்ததும் என் மூளை வேலை செஞ்சுச்சு. அது வேலை செஞ்சாலே எனக்கு ஆபத்துதான்.

சைக்கிள் துடைக்கிற சிவப்புத் துணியை ஹேண்டில்ல கட்டினேன். எஸ்டேட் கோயில்ல குடுத்த குங்குமம் சட்டைப் பையில இருந்துச்சு. அதை எடுத்து லைட்டுல பூசினேன். முன் சக்கரத்துக்கிட்ட மூணு எலுமிச்சம்பழம் வச்சேன். முனியாண்டி சைக்கிள்! இனி எவன் தொடுவான்?

கறிக்கடையில நல்ல கூட்டம். ஒரு வழியா கறிப் பையோட வெளிய வந்தா, மரத்தடியில அதை விடக் கூட்டம்!

சூடம் எரியுது. கேரியர்ல சுருட்டு. ஹேண்டில் மேல பூமாலை. ஒரு சீனக் கிழவரு ஊதுவத்தியைக் கட்டோட புடிச்சுக்கிட்டு, கண்ணை மூடிக் கும்பிடுறாரு.

முன்னால நின்ன ஒரு அக்கா என்னைப் பார்த்து, "செருப்பைக் கழட்டு லா!"ன்னாங்க.

கழட்டினேன்.

"பையில என்ன?"

"ஆட்டுக்கறிக்கா."

"படையலா? சாமி, கறி வந்துருச்சு!"ன்னு பையை வாங்கிச் சக்கரத்து முன்னால வச்சிட்டாங்க.

"அக்கா, அது என் வீட்டுக்கு வாங்கினது. இது என் மச்சான் சைக்கிள்!"

கூட்டமே திரும்பி என்னைப் பார்த்துச்சு.

"சாமி சைக்கிளையே திருட வந்திருக்கான் பாரு! புடிங்கடா அவனை!"ன்னு ஒருத்தரு கைலியை மடிச்சுக் கட்டினாரு.

இங்க உதை, வீட்டுல மச்சான். யோசிக்கிறதுக்கு நேரமே இல்ல. தலையை விரிச்சு ஆடலாம்னா, நேத்துதான் முடி வெட்டியிருந்தேன். இருந்தாலும் நாக்கைத் துருத்தினேன். உடம்பை உலுக்கினேன்.

"டேய்ய்ய்! நான் ரவுண்டு போகணும்டா! வழி விடுங்கடா!"

"சாமி வந்துருச்சு!"ன்னு அந்த அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கைலிக்காரரு என் கால்லயே விழுந்துட்டாரு!

"அப்பா, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பர் சொல்லுங்கப்பா!"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல்.

"நம்பர் கிடையாது! வழி விடு!"

சைக்கிள்ல ஏறி ஒரே மிதி. செருப்பைக் கூட எடுக்கல. கறிப் பையைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆசை. ஆனா படையலைத் திருப்பிக் கேக்குற சாமி எங்க இருக்கு?

வீட்டு வாசல்ல மச்சான் சாப்பாட்டு அடுக்கோட நின்னாரு. மாலையைப் பார்த்தாரு, குங்குமத்தைப் பார்த்தாரு, என் வெறுங்காலைப் பார்த்தாரு.

"என்னடா இது?"

"சைக்கிள் பத்திரம், மச்சான்."

மணியைப் பார்த்துட்டு மாலையோடவே மிதிச்சிக்கிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு. அப்பாடான்னு மூச்சு விட்டேன்.

உள்ள அக்கா மசாலா அரைச்சு வச்சிட்டு, "கறி எங்கடா?"ன்னு கேட்டுச்சு.

அன்னிக்கு ராத்திரி பருப்பும் கருவாடும். மறுநாள் காலையிலயே போயி ஒரு பூட்டு வாங்கினேன்.

முனியாண்டி அளவுக்குப் பூட்டுக்குச் சக்தி கிடையாதுதான். ஆனா அது கறி கேக்காது லா!